கேட்டுக்கு உள்ளே அத்தா

போன மாதம் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலக அறையில் மகளோடும் பேத்தியோடும் உட்கார்ந்திருந்தேன். எல்கேஜி சேர்க்கை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஃபாதர் வரலீங்களா?" என்று கேட்டார். "துபாய்ல இருக்காங்க" என்றாள் மகள். "வீடியோ கால் போட்டுக் காட்டுங்க, போதும்." மகள் போனை நீட்டினாள். மருமகன் ஏதோ ஒரு கட்டடத்தின் நிழலில், தலையில் மஞ்சள் தொப்பியோடு நின்று கையசைத்தார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எதையோ தட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பேத்தி நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது என் கால்தான். "என்னம்மா, உங்களுக்கா இன்டர்வியூ?" என்று மகள் என் முழங்காலைப் பிடித்து நிறுத்தினாள்.

என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். நம்முடைய அப்பாக்களில் பலர் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்கள் இல்லாத இடத்தை நிரப்ப வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு ஏற்பாடு இருந்தது. எங்கள் வீட்டு ஏற்பாடு என்ன என்பதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. சம்பந்தப்பட்ட பெரியவர்களில் இப்போது யாரும் இல்லை. எனவே எழுதலாம்.

நாங்கள் சிதம்பரத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம், அம்மாவும் நானும். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தா சவுதியில் ஏசி மெக்கானிக். எனக்கு இரண்டு வயது முடியுமுன் போனவர். அவரை எனக்கு அலமாரிக் கண்ணாடியில் செருகிவைத்த ஒரு புகைப்படமாகவும், ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட தபால் உறைகளாகவும்தான் தெரியும். அம்மாவின் தம்பி, ஊரார் ஓட்டி என்று சொல்லும் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், வலைநூலும் கயிறும் விற்கும் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர். வாரம் ஒரு முறை புவனகிரி வழியாக வரும் பஸ்ஸில் எங்களைப் பார்க்க வருவார். அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தாரும் தேங்காய் நாரும் கலந்த வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். அவர் மாமா.

அம்மா ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். தமிழ் நன்றாகப் படிப்பார். ஆனால் அத்தாவின் கம்பெனியிலிருந்து வரும் காகிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை ஒரு துணிப்பையில் வைத்து மருந்துக்கடைக்கு எடுத்துப் போவார். கடைக்காரர் மாத்திரை எண்ணும் நேரத்துக்கு நடுவே படித்துச் சொல்வார். சுற்றி நிற்கும் காய்ச்சல்காரர்களும் இருமல்காரர்களும் சேர்ந்து கேட்பார்கள். ஒரு முறை, அத்தாவின் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள் என்ற செய்தியை அம்மா அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டார். "ரெண்டு வருஷமா?" என்று ஒரு அம்மாள் அம்மாவுக்கு முன்பாகவே வருத்தப்பட்டாராம். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தலையை வாரிவிட்டார். வாரியதையே மறுபடி மறுபடி வாரினார். அந்த வாரமே என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

அப்போதுதான் ஊரில் ஒன்றிரண்டு நர்சரி பிரைமரி பள்ளிகள் தொடங்கியிருந்தன. நாங்கள் போனது ஒரு பழைய வீடு. முற்றத்தின் மேல் தகரம் போட்டு, நான்கு அறைகளை நான்கு வகுப்பாக்கியிருந்தார்கள். முன்னால் பச்சை வண்ணம் அடித்த இரும்புக் கேட். நடத்தியவரை எல்லோரும் பெரிய மிஸ் என்றார்கள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

"அப்பா வரலியா?"

"அவுங்க சவுதியில இருக்காங்க, மிஸ்."

"அப்ப அவர் வந்ததும் கூட்டிட்டு வாங்க."

"அவுங்க வர இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்."

"அப்பா அம்மா ரெண்டு பேரையும் பாக்காம நான் சேத்துக்கறதில்ல. போன வருஷம் ஃபாரின் அப்பா புள்ளைங்க ஆறு பேர். ஒரு பேச்சுப் பேசணும்னா ஆளில்ல. டேர்முக்கு ஒரு நாள் அப்பா வந்து என் முன்னால உக்காந்து ரேங்க் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். அது என் ரூல். முடியாதுன்னா வேற ஸ்கூல் பாத்துக்கங்க."

அம்மா விண்ணப்பத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும்வரை அதைச் சுருட்டியும் விரித்தும் சுருட்டியும் வந்தார். "அவுங்க புருஷன் உள்ளூரா இருக்கும், அதான்" என்று யாரிடமும் இல்லாமல் ஒரு முறை சொன்னார்.

அடுத்த யோசனை யாருடையது என்பது கடைசிவரை தீரவில்லை. அம்மா, மாமா சொன்னதாகச் சொல்வார். மாமா, அக்கா சொன்னதாகச் சொல்வார். நான் அறிந்தவரை, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாமா, "நான் இன்னும் மீசையே ஒழுங்கா வளக்கலியேக்கா" என்றார். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. மாமா மூன்று வாரம் மீசை வளர்த்தார்.

விண்ணப்பத்தில் குடும்பப் புகைப்படம் ஒட்ட வேண்டும். கீழவீதிப் பக்கம் ஒரு மாடி ஸ்டுடியோவுக்குப் போனோம். திரையில் ஒரு ஏரியும் இரண்டு அன்னமும் வரைந்திருந்தது. அறை முழுக்கப் புளித்த மருந்து வாடை. மாமா அத்தாவின் கோடு போட்ட சட்டையைப் போட்டிருந்தார். பெட்டியிலிருந்து எடுத்தது, அந்துருண்டை நாற்றம் போகவில்லை. அம்மா ஒரு நாற்காலியின் இந்த ஓரத்தில், மாமா அடுத்த நாற்காலியின் அந்த ஓரத்தில், நடுவில் நான். ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"சார், கொஞ்சம் மேடம் பக்கம் நெருங்கி உக்காருங்க. சண்டையா?"

"இது போதும், எடுங்க" என்றார் அம்மா. மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படத்தில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது தெரியும். அம்மா யாருடைய சாவுக்கோ வந்தவர்போல இருப்பார்.

நேர்காணல் நாளன்று மாமா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பள்ளிக்கு நடக்கும்போது அம்மா என் கையைப் பிடித்திருந்தார். வியர்த்துப்போய் வழுக்கிய கை.

"பாப்பா, இது யாரு?"

"மாமா."

"ஸ்கூலுக்குள்ள போனா?"

"அத்தா."

"வெளிய வந்தா?"

"மாமா."

"அவ்ளோதான். கேட்டுக்கு உள்ள அத்தா, கேட்டுக்கு வெளிய மாமா. வேற எங்கயும், யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது."

"அப்ப அத்தா?"

"அத்தா சவுதியில இருக்காங்க."

"அத்தா கேட்டுக்கு உள்ள வந்தா அவுங்க யாரு?"

அம்மா பெட்டிக்கடையில் நிறுத்தி எனக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கேள்விக்கு நானே ஒரு பதில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்டுபிடித்தும் வைத்துக்கொண்டேன்.

பெரிய மிஸ் அத்தாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். மாமா சுவரில் இருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தொண்டையைச் செருமினார். அதன் பிறகுதான் மாமா எழுந்தார்.

"என்ன பண்றீங்க சார்?"

"கடலூர் ஓட்டியில, வல யாவாரம்."

"நல்லது. ஊரோட இருக்கீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "அப்பா பேர் என்ன?" சொன்னேன். அது உண்மையான பெயர். "இவர் யாரு?" "அத்தா." "யானை படத்தக் காட்டு பாக்கலாம்." காட்டினேன். என்னிடம் அவர் கேட்ட கேள்விகளில் எளிமையானது அதுதான்.

இடம் கிடைத்தது. அலுமினியப் பெட்டி ஒன்று வந்தது. மூடியைத் திறந்தால் புதுச் சிலேட்டின் மண் வாசனையும் ஆரஞ்சு நிற ரப்பரின் வாசனையும் அடிக்கும். பெட்டியின் கொக்கி சரியாகப் பொருந்தாது. நடக்கும்போது டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. சட்டைக் காலரைக் கடிக்கும் பழக்கம் அந்த வருஷம்தான் எனக்கு வந்தது. துவைக்கும்போது அம்மா காலரைப் பார்த்துத் திட்டுவார். காரணத்தைக் கேட்கமாட்டார்.

டேர்முக்கு ஒரு நாள் மாமா கடையில் ஏதாவது பொய் சொல்லிவிட்டு வருவார். மற்ற அப்பாக்களோடு முற்றத்து பெஞ்சில் உட்காருவார். அம்மாக்கள் சுவரோரம் பாயில். பெரிய மிஸ் பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் ரிஜிஸ்டரில் தனக்கான கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும். மாமா, கடிதங்களின் அடியில் இருந்த அத்தாவின் ஆங்கிலக் கையெழுத்தைக் கடையின் பில் தாள்களுக்குப் பின்னால் எழுதி எழுதிப் பழகியிருந்தார். இரண்டாவது தடவையிலேயே பெயரைக் கூப்பிட்டதும் தடுமாறாமல் எழத் தொடங்கினார். மூன்றாவது தடவை, பெயரின் முதல் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

நான் விதியைக் கச்சிதமாகக் கடைப்பிடித்தேன். கேட்டின் இரும்புத் தண்டவாளம் தரையில் பதிந்திருக்கும். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்று, இப்போது இவர் யார் என்று யோசித்ததுண்டு. "அங்க என்னாடி நொண்டியாட்டம் ஆடற?" என்று ஆயா விரட்டுவார்.

ஒரே ஒரு முறை சிக்கிக்கொண்டோம். பண்டிகைக்கு முந்தின வாரம், மேலவீதியில் ஒரு துணிக்கடை வாசலில் நாங்கள் மூவரும் நின்றிருந்தபோது பெரிய மிஸ் எதிரே வந்தார்.

"என்ன பாப்பா, அப்பாகூட ஊர் சுத்தறியா?"

நாங்கள் கேட்டுக்கு வெளியே இருந்தோம். விதி விதிதான்.

"மாமாகூட" என்றேன்.

அம்மாவின் நகம் என் தோளில் இறங்கியது. மாமா சிரித்தார். "எங்கக்கா புள்ளைங்கல்லாம் என்ன மாமா மாமான்னு கூப்டுதுங்க மிஸ். இதுக்கும் அதே பழக்கமாயிருச்சு."

"அப்பான்னு கூப்பிடப் பழக்குங்க சார். நல்லா இல்ல" என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா என் முன்னால் குந்தினார். "மிஸ் நிக்கற எடமெல்லாம் ஸ்கூலு. தெரிஞ்சுதா?" தெரிந்தது. அன்றிலிருந்து கடைத்தெருவில் வெள்ளைப் புடவை எங்காவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இது எதுவும் அத்தாவுக்குத் தெரியாது. "பாப்பா இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கிறாள்" என்று மட்டும் அம்மா எழுதியிருந்தார். அத்தா பதிலில், "என் மகள் படிப்புக்கு நான் இங்கே கஷ்டப்படுவது தகும்" என்று எழுதியிருந்தார். அம்மா அந்த வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து உறையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நான் யுகேஜி படிக்கும்போது அத்தா வந்தார். வருகிறேன் என்று அவர் அனுப்பிய தந்தி, அவர் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. வீடு பூட்டியிருந்தது. அம்மா ரேஷன் கடை வரிசையில் இருந்தார். பெட்டிகளைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டு, பிள்ளை எங்கே என்று கேட்டு, நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

ஆயா வந்து என்னைக் கூட்டிப் போனார். பெரிய மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். படத்தில் இருப்பதைவிட முடி குறைவு. அறைக்குப் பழக்கமில்லாத ஒரு சோப்பு வாசனை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். நான் அசையவில்லை. கேட்டுக்கு உள்ளே இருந்தோம். மிஸ்ஸும் இருந்தார்.

"இவங்க யாரும்மா? தெரியுமா?" என்றார் பெரிய மிஸ்.

உள்ளே மாமா அத்தா என்றால், உள்ளே அத்தா யாராக இருக்க முடியும்? வாழைப்பழம் தின்ற நாளிலேயே நான் போட்டுவைத்த கணக்கு அது.

"மாமா" என்றேன்.

"எந்த மாமா?"

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "சவுதி மாமா."

அத்தா முதலில் சிரித்தார். "என்னா மிஸ் இது, நான்தான்..." என்று தொடங்கினார். அதற்குள் பெரிய மிஸ் சேர்க்கைக் கோப்பைத் திறந்து, என் பக்கத்தை எடுத்து, அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "இதுதான் சார் பாப்பாவோட அப்பா. இவரோ, அவங்க அம்மாவோ வந்தாத்தான் அனுப்புவோம். தப்பா நெனைக்காதீங்க."

அத்தா குனிந்து பார்த்தார். ஏரி, இரண்டு அன்னம், இரண்டு நாற்காலி. அவருடைய சட்டை. கீழே அவருடைய பெயர். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று என்னால் சொல்ல முடியாது. மேசைமேல் இருந்த ஒரு சாக்பீஸை எடுத்து, எதற்கென்று தெரியாமல் மறுபடி வைத்தார்.

"ஆமா மிஸ்" என்றார். "நான் மாமாதான். அவுங்கம்மாவுக்கு அண்ணன்."

வெளியே போய், எதிர்ப்பக்கத்துச் சாக்கடைப் பாலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் வகுப்புக்குப் போகாமல் கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் நின்றேன். அவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், போட்டார். அம்மா ரேஷன் பையோடு வந்தார். சாலையின் நடுவிலேயே நின்றுவிட்டார். ஏறக்குறைய நான்கு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் சந்தித்துக்கொண்டது அங்கேதான். ஒரு மாட்டு வண்டிக்காரர் ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒம் மவ என்னை மாமாங்கறா" என்றார் அத்தா.

வீட்டில் அன்று மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. ஆக்கிய சோறு அப்படியே இருந்தது.

"பேரு என்னுது, மூஞ்சி அவனுது. என் சட்ட வேற. என் ஃபோட்டோவ ஒட்டியிருக்கலாமில்ல?"

"ஃபோட்டோ வந்து பெஞ்சுல உக்காருமா?"

"நாளைக்கே போயி நான்தான் அப்பன்னு சொல்றேன்."

"சொல்லுங்க. பொய் சொல்லிச் சேத்தீங்களான்னு சீட்டைக் கிழிச்சிருவாங்க. கிழிச்சதும் நீங்க ப்ளைட் ஏறிருவீங்க. நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எந்த மருந்துக்கடையில போயி நிப்பேன்?"

அத்தாவுக்கு மருந்துக்கடை புரியவில்லை. அம்மாவும் விளக்கவில்லை.

மறுநாள் மாமா, முதுநகரிலிருந்து ஒரு வயர் கூடை நிறைய வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்தார். மீசையை மழித்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"மச்சான், நீங்க என்ன சொன்னாலும் சரி. நான் வேணா அந்த மிஸ் கால்ல விழுந்துடறேன்."

"எதுக்கு? நல்ல வேலதான் ஒன்னுது" என்றார் அத்தா. "வருஷத்துக்கு மூணு நாள் அப்பன். லீவு போட்டா போதும். எனக்கு அந்தக் கம்பெனியில எடம் இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

மாமா சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மீனிலிருந்து சொட்டிய நீர் அவர் காலடியில் தேங்கியது.

விடுப்பு இரண்டு மாதம். நடுவில் கையெழுத்து நாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அத்தா முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். "நான் போயி என் கையெழுத்த நான் போடறேன்" என்பார். சற்று நேரம் கழித்து, "வேணாம், அவனே போகட்டும்" என்பார். அம்மா துலக்கிய பாத்திரங்களையே மறுபடி துலக்குவார். நான் என்ன ஆவேன் என்பது அத்தா, மாமா இருவரில் யார் எழுந்து நிற்பார்கள் என்பதில் இருந்தது. அது எனக்கும் தெரிந்திருந்தது. அந்த வாரம் இரண்டு காலரைக் கிழித்தேன்.

அன்று காலை மாமா வந்துவிட்டார். நாங்கள் கிளம்பும்போது அத்தாவும் செருப்பை மாட்டினார். "நான் சும்மா வந்து பாக்கறேன். சவுதி மாமா வரக்கூடாதா?" அம்மா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

முற்றத்தில் தகரம் சூடேறிக்கொண்டிருந்தது. மாமா முன் பெஞ்சில், அத்தா பின் பெஞ்சின் ஓரத்தில். அம்மா பாயில். பிள்ளைகள் நாங்கள் மேசைக்குப் பக்கத்தில் வரிசையாக. பெரிய மிஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். அத்தாவின் பெயர் வந்தது.

மாமா எழுந்தார். இரண்டு வருஷப் பழக்கம். அத்தாவும் எழுந்தார். அது அவருடைய பெயர். முடிவு செய்து எழுந்தார் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டார்கள், உடம்பு எழுந்துவிட்டது. பின்னால் அத்தா எழுந்தது மாமாவுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத்தான் தெரிந்தது.

பெரிய மிஸ் நிமிர்ந்தார். "ஒருத்தரைத்தானே கூப்பிட்டேன்?"

மாமா திரும்பிப் பார்த்தார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. பெஞ்சில் யாரோ ஒருவர் இருமினார்.

"பாப்பா, போய் உங்கப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார் பெரிய மிஸ்.

போனேன். இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவில் போய் நின்றேன். இந்தப் பக்கம் தார் வாசனை, அந்தப் பக்கம் சோப்பு வாசனை. விதிப்படி மாமாவின் கையைப் பிடிக்க வேண்டும். நான் பிடித்தால் அத்தா மறுபடியும் சவுதி மாமா. அத்தாவின் கையைப் பிடித்தால் அம்மா வாங்கிக் கொடுத்த சீட்டு போய்விடும். ஐந்து வயதில் இதை இந்த வார்த்தைகளில் யோசித்திருக்க மாட்டேன். ஆனால் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் உட்கார்ந்தவர் அத்தா. மெதுவாக, முழங்காலில் கை ஊன்றி, வயதானவர்போல. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அத்தா உட்கார்ந்ததைப் பார்த்த மாமாவும் உட்கார்ந்துவிட்டார். அவரால் நிற்க முடியவில்லை. பெயர் கூப்பிடப்பட்டிருந்தது, நிற்க ஆளில்லை. பெரிய மிஸ் பெயரை மறுபடி, கொஞ்சம் சத்தமாக வாசித்தார்.

பாயிலிருந்து அம்மா எழுந்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பெஞ்சுகளைச் சுற்றி, மேசைக்கு வந்தார்.

"நான் போடறேன், மிஸ்."

"அம்மா கையெழுத்து..." என்று தொடங்கிய பெரிய மிஸ், ரிஜிஸ்டரைப் பார்த்தார். இன்னும் காத்திருந்த பெஞ்சைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, போடுங்க. இங்க."

பேனாவை நீட்டினார்.

அம்மா குனிந்து எழுதினார். மேலேயும் கீழேயும் இருந்தவை எல்லாம் ஆண்களின் ஆங்கிலக் கையெழுத்துகள், ஒரே இழுப்பில் போட்டவை. அம்மா தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினார். அம்மா தன் பெயரை எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடிதங்களில் அவர் பெயர் எழுதுவதில்லை. "இப்படிக்கு" என்று எழுதி நிறுத்திவிடுவார். பெரிய மிஸ் காத்திருந்தார். அம்மா நிமிர்ந்ததும் அடுத்த பெயரை வாசித்தார்.

அவ்வளவுதான் நடந்தது. ஐந்தாம் வகுப்புவரை நான் அங்கேதான் படித்தேன். கையெழுத்தை அம்மாதான் போட்டார். பெரிய மிஸ்ஸுக்கு விஷயம் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டாரா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. புகைப்படத்தை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதல் நாளே அம்மா அந்தப் பேனாவைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்பதும் தெரியாது. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பது மட்டும் தெரியும். அம்மாவுக்கும் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் மாமா, கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வேகமாக நடந்துவிட்டார். நாங்கள் மூவரும் வெயிலில் நடந்தோம். அத்தா முன்னால், அம்மா நான்கு அடி பின்னால், நான் இருவருக்கும் நடுவே முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தேன். தெருமுனை வந்தது.

"நான் போட்டதப் பாத்தீங்களா?" என்றார் அம்மா.

"பாத்தேன். வர்றப்ப ரிஜிஸ்டர எட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார் அத்தா, திரும்பாமல். "எழுத்து ரொம்பப் பெருசு. கட்டத்தத் தாண்டி, அடுத்தவன் கட்டத்துல பாதி போயிருச்சு."

"போவட்டும்" என்றார் அம்மா.